வாளின் முதுகில் எழுதியிருந்தது

சனிக்கிழமை காலை. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஜெர்மன் பெரியவர் கையில் ஒரு நீள வாளோடு நிற்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க பாட்டி, ஓப்பா நேத்தே சொல்லிட்டாரு" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தான் என் பேரன். பதினொரு வயது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தாவை அங்கே 'ஓப்பா' என்பார்கள். எனக்கும் பெரியவருக்கும் நடுவே அவன்தான் மொழிபெயர்ப்பாளர்.

மகள் வீட்டுக்கு டுசெல்டார்ஃப் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எதிர் கதவுக்காரரான அந்தப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். நாற்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அடுத்த மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். ஒரே ஒரு அறைதான் கிடைக்கும் என்பதால், வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஒரு மரக் கடிகாரம் வந்தது.

மிச்சமிருந்தது இந்த வாள்.

வளைந்த இரும்பு வாள். எடை சுமார் ஒரு கிலோ இருக்கும். கைப்பிடியிலிருந்து ஒற்றை இரும்புப் பட்டை வளைந்து விரல்களைக் காக்கிறது. நுனிப் பக்கம் மெலியாமல் கொஞ்சம் அகலமாகவே இருக்கிறது. துருவும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தன.

"எங்க தாத்தாவோட தாத்தா இதோட வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்துக் குதிரையில் போனவர்" என்றார் பெரியவர். சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்ட கதை. பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் காட்டியிருக்கிறார். 'நல்ல விலை தருகிறேன். ஆனால் இது வாட்டர்லூவில் போரிட்ட வாள், எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்' என்றாராம் அவர்.

"கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. கையெழுத்துப் போடத்தான் யோசனையா இருக்கு" என்றார் பெரியவர்.

வாளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. "கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே" என்றேன். பேரன் மொழிபெயர்த்ததும் பெரியவர் வாளைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். ஏன் அப்படிப் பதறினார் என்பது மறுநாள்தான் புரிந்தது.

கத்திகளின் ஊர்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியவர், மகள், பேரன், நான் நாலு பேரும் சோலிங்கனுக்குக் கிளம்பினோம். டுசெல்டார்ஃபிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரப் பயணம்.

சோலிங்கன் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. என் அப்பாவின் சவரக்கத்தியில் அந்தப் பெயர் இருந்தது. தோல் வாரில் சரக் சரக் என்று தீட்டுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் அதை ஏதோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். அது ஊரின் பெயர் என்று தெரிய அறுபது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

வாளைக் கையோடு எடுத்துப் போகவில்லை. இங்கே பொது இடங்களில் ஆயுதம் விஷயத்தில் சட்டம் கடுமை. அதிலும் 2024 ஆகஸ்டில், சோலிங்கனின் 650-ஆம் ஆண்டு விழாவில் ஒருவன் கத்தியால் குத்தியதில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு கத்தி பற்றிய விதிகள் இன்னும் இறுகிவிட்டன. கத்தி செய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஊருக்கு இப்படியும் ஒரு துயரம். வாளை நாலு பக்கமும் போனில் படமெடுத்து, டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டோம். மாப்பிள்ளை வீட்டில் காவல்.

சோலிங்கனில் இறங்கி, மேலே இரண்டு மின்கம்பிகளைத் தொட்டபடி சத்தமில்லாமல் ஓடும் டிராலி பஸ்ஸில் ஏறினோம். பெரியவர் ஓட்டுநருக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பழக்க தோஷம்!

நகரின் நடுப்பகுதி புதுசாகத் தெரிகிறது. 1944 நவம்பர் 4, 5 தேதிகளில் விழுந்த குண்டுகளில் பழைய ஊர் அழிந்துவிட்டது. ஆனால் நாங்கள் போன கிரெஃப்ராத் பகுதி தப்பித்திருக்கிறது. சுவரெல்லாம் கறுப்புப் பலகைக்கல் ஓடு, வெள்ளை ஜன்னல் சட்டம், பச்சைக் கதவுகள். இந்த மூன்று நிறம்தான் இந்த வட்டாரத்து வீடுகளின் அடையாளம். சின்னச் சந்தைத் திடலிலிருந்து படியேறினால் மேலே தேவாலயம். பக்கத்திலேயே ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில், 1991 முதல் ஜெர்மன் கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது.

எல்லாப் படைக்கும் ஒரே உலை

பெரியவருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். பழைய வாள்களைச் சேகரிப்பவர். தொழில், தச்சு வேலை. போனில் படங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "முதலில் உள்ளே சுற்றிப் பாருங்கள், பிறகு பேசலாம்" என்றார்.

உள்ளே எத்தனை வகை வெட்டும் பொருட்கள்! வெண்கலக் கால வாள் முதல் விருந்து மேஜைக் கரண்டி, கத்தரிக்கோல் வரை. பேரன் வாய் மூடவில்லை.

வாட்டர்லூ காலத்து வாள்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. 1796-இல் இங்கிலாந்து தன் இலகு குதிரைப் படைக்கு ஒரு வளைவாளை உருவாக்கியது. ஜான் லெ மார்ச்சன்ட் என்ற அதிகாரியின் யோசனை அது. அது நன்றாக வெட்டுகிறது என்று பார்த்த பிரஷ்யா, 1811-இல் ஏறக்குறைய அதையே தன் படைக்கும் எடுத்துக்கொண்டது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவுக்குப் படையோடு வந்து சேர்ந்த 72 வயதுத் தளபதி ப்ளூஹரின் பெயர் பிறகு அந்த வாளுக்கு ஒட்டிக்கொண்டது. நம் பெரியவரின் வாளும் அதே உருவம்தான்.

"அப்போ ஓப்பா சொன்னது சரி!" என்று குதித்தான் பேரன்.

தச்சர் சிரித்தார். "உருவம் ஜாடை மாதிரி. ஜாடையை வைத்து எந்தக் குடும்பம் என்று சொல்லலாம். பிறந்த தேதியைச் சொல்ல முடியுமா?"

ஊரை வைத்தும் சொல்ல முடியாது என்று அவரே விளக்கினார். சோலிங்கன்காரர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வாள் செய்து கொடுத்தவர்கள். 1806 முதல் 1813 வரை இந்த ஊர் நெப்போலியனின் பிடியிலிருந்த பெர்க் என்ற சிற்றரசில் இருந்தது. 1815-இல் பிரஷ்யாவுக்குப் போனது. அரசர்கள் மாறினார்கள், உலை மாறவில்லை. எதிரும் புதிருமாக நின்ற படைகளின் கையில் ஒரே ஊர்க் கத்தி!

இங்கே சாணை பிடிப்பவர்களுக்கு 1401-லேயே தனிச் சங்கம் இருந்தது. 'தொழில் ரகசியத்தோடு ஊரைவிட்டுப் போகமாட்டேன்' என்று கைவினைஞர்களிடம் சத்தியமே வாங்கினார்கள். அப்படியும் போனவர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜுக்கு ஒரு கூட்டம். 1730-இல் பிரான்ஸ் மன்னர் அல்சாஸில் தொடங்கிய கிளிங்கன்தால் தொழிற்சாலைக்கு ஒரு கூட்டம். 1815-இல் ரஷ்யாவின் யூரல் மலையடியில் ஸ்லாதவூஸ்துக்கு ஒரு கூட்டம். ஐரோப்பாவின் பாதி வாள்களுக்கு இங்கே ஒரு மாமனோ மச்சானோ இருப்பார் போலிருக்கிறது!

இதைவிட வேடிக்கை, பெயர் விவகாரம். ஸ்பெயினின் டொலேடோ வாளுக்குப் புகழ் இருந்த காலத்தில், இங்கே செய்த வாள்களிலேயே 'டொலேடோ' என்று பொறித்து விற்றிருக்கிறார்கள். பாஸாவ் ஊரின் 'ஓடும் ஓநாய்' முத்திரையையும் போட்டிருக்கிறார்கள். பிறகு சோலிங்கன் பெயரையே மற்றவர்கள் திருட ஆரம்பிக்க, 1938-இல் அந்தப் பெயரைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் 'சோலிங்கன்' என்று போட முடியாது.

நான் இந்தியா என்று தெரிந்ததும் அவர் இன்னொரு கதை சொன்னார். கேப்டன் நோலன் என்று ஒரு ஆங்கிலேயர். பெங்களூரில் இருந்த குதிரைப் படையில் பணியாற்றியவர். 1853-இல் குதிரைப் படை பற்றிப் புத்தகம் எழுதினார். நிஜாமின் குதிரை வீரர்கள் வெட்டிய வெட்டுகளைப் பார்த்து, இவர்கள் வாளில் என்ன மாயம் என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால், ஆங்கிலப் படை கழித்துக்கட்டிய பழைய வாள்கள்தான்! கைப்பிடியை மாற்றி, நன்றாகத் தீட்டி, கூர் மழுங்காமலிருக்க மர உறையில் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர்களோ அதே வாளை இரும்பு உறையில் போட்டு உருவி உருவி மழுக்கியிருந்தார்கள்.

நம்மூர் ஞாபகம் வந்தது. வடக்கே 'ஃபிரங்கி' என்று ஒரு வகை வாளே உண்டு. ஐரோப்பிய அலகு, இந்தியக் கைப்பிடி. நாம் சொல்லும் 'பரங்கி'யும் அதே சொல்தான். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களிலும் ஐரோப்பிய அலகுகள் உண்டு. அங்கிருந்து வந்த ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். அலகு எங்கே பிறந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

முதுகைப் படிக்க வேண்டும்

படியிறங்கி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். இந்த வட்டாரத்துக் காபி விருந்து என்பது நம்மூர் டிபனைவிடப் பெரிது. வாஃபிள், சூடான செர்ரிப் பழம், ரொட்டி, கூடவே இலவங்கப்பட்டைப் பொடி தூவிய பால்சோறு! பால்பாயசத்தைச் சுண்டவிட்டது போல இருந்தது. மூன்று கால் வைத்த ஈயக் கூஜாவின் அடியில் ஒரு குழாய். அதைத் திருகிக் காபி பிடிக்க வேண்டும். பேரன் அதை விடவே இல்லை.

தச்சர் இப்போது படங்களை எடுத்தார். பழைய வாளின் ஊரைக் கண்டுபிடிக்க எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார்.

முதலில் அலகின் முதுகு, அதாவது வெட்டாத பக்கம். பிரெஞ்சு வாளாக இருந்தால் அங்கே சாய்ந்த எழுத்தில் தொழிற்சாலை, மாதம், வருஷம் எல்லாம் இருக்கும். ஆட்சி மாறும்போது 'அரச', 'பேரரச', 'தேசிய' என்று தொழிற்சாலையின் பட்டமும் மாறும். அதை வைத்தே காலத்தைப் பிடித்துவிடலாம். பிரஷ்ய வாளில் கிரீடம், அரசர் பெயரின் முதல் எழுத்து, வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள்.

இரண்டாவது, கைப்பிடிக்கு ஒட்டிய அலகின் அடிப்பகுதி. செய்தவரின் முத்திரை அங்கே இருக்கும். ஆங்கில வாள் என்றால் சோதித்தவரின் முத்திரையாகக் கிரீடமும் எண்ணும் இருக்கலாம்.

மூன்றாவது, விரல் காக்கும் இரும்புப் பட்டை. எந்தப் படைப்பிரிவு, அங்கே எத்தனையாவது வாள் என்பது அதில். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் ஆதி ஜோடி.

"நீங்கள் எடுத்த படங்களில் இந்த மூன்று இடமும் பிசுக்கில் மறைந்திருக்கின்றன" என்றார். "துடைக்கலாம். ஆனால் மணல்தாள் கூடாது, அமிலம் கூடாது. மெல்லிய எண்ணெய், மெத்தென்ற துணி, மரக்குச்சி. முத்திரை தேய்ந்துபோனால் வாளின் நாக்கை அறுத்த மாதிரி."

புளி! என் முகம் போன போக்கைப் பார்த்து மகள் சிரித்தாள். பெரியவர் மட்டும் பெரிய மனதோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு போன் போட்டோம். மாப்பிள்ளை தையல் மிஷின் எண்ணெயும் பல்குச்சியுமாக உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்து விழுந்தன.

முதல் படம், அலகின் முதுகு. கிரீடம். அதன் கீழ் 'W'. அடுத்து '87'.

இரண்டாவது படம், அலகின் அடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னத் தலைகள். ஒன்று கிரீடம் வைத்த அரசர் தலை. இன்னொன்று போர்வீரனின் தலைக்கவசம்.

தச்சர் போனைப் பெரியவர் பக்கம் மெதுவாகத் திருப்பினார். "W என்றால் வில்ஹெல்ம். 87 என்றால் 1887. அரசர் தலை வையர்ஸ்பெர்க் குடும்பத்தின் முத்திரை, தலைக்கவசம் கிர்ஷ்பவும் குடும்பத்துடையது. இரண்டு பேரும் சோலிங்கன்காரர்கள். 1883-இல்தான் ஒரே கம்பெனியாக இணைந்தார்கள். அதற்கு முன்னால் இந்த இரண்டு தலையும் சேர்ந்து ஒரு வாளில் இருக்க வழியே இல்லை."

வாட்டர்லூ நடந்து 72 வருஷம் கழித்துச் செய்த வாள்!

யாரும் பேசவில்லை. குழாயிலிருந்து காபி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பேரன் ஓப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் வந்திருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது. எண்பது வருஷம் பொத்தி வைத்த கதையை மூன்று வாட்ஸ்அப் படங்களில் உடைத்துவிட்டோமே!

"மூன்றாவது படம்?" என்று கேட்டார் பெரியவர்.

அந்த 'T'

விரல்காப்புப் பட்டையில் வரிசையாகப் பொறித்திருந்தது. 7. அடுத்து T. பிறகு இரண்டு எண்கள்.

தச்சர் சொன்னார். 1852-க்குப் பிறகு குதிரைப் படைக்குப் புது வாள் வந்துவிட்டது. இந்தப் பழைய மாதிரி வாள்கள் பீரங்கிப் படைக்கும் வண்டிப் படைக்கும் போயின. அவர்களுக்காக இதே உருவத்தில் புதிதாகவும் செய்தார்கள். 'T' என்றால் அந்த வண்டிப் படை. 7 என்பது வெஸ்ட்ஃபாலியாவும் இந்த ரைன் வட்டாரமும் சேர்ந்த ஏழாவது பிரிவு. இங்கத்திய பையன்கள் போய்ச் சேர்ந்த பிரிவு. வண்டிப் படையின் வேலை போரிடுவது அல்ல. ரொட்டி, மாவு, குதிரைத் தீனி, மருந்து எல்லாவற்றையும் குதிரை வண்டியில் ஏற்றி, முன்னால் போகும் படைக்குக் கொண்டு சேர்ப்பது.

"இந்த வாள் யார் இடுப்பில் தொங்கியது என்பதை மட்டும் வாள் சொல்லாது. அது நீங்கள் சொல்ல வேண்டியது" என்று முடித்தார்.

பெரியவர் வெகுநேரம் அந்த 'T'யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனிடம் ஏதோ சொன்னார். அவன் கண்ணை அகல விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"பாட்டி, ஓப்பாவோட தாத்தா பீர் பீப்பாய் ஏத்துற குதிரை வண்டி ஓட்டினவராம்! பட்டாளத்துலேயும் குதிரையோட இருந்தேன்னு சொல்வாராம். இவரு அதை எப்பவும் குதிரைப் படைன்னே நினைச்சிட்டாராம்!"

தாத்தா குதிரை வண்டி. அப்பா லாரி. இவர் டிராம். மூன்று தலைமுறையும் ஓட்டுநர்கள். தாத்தாவின் தாத்தா என்று சொன்ன வாட்டர்லூ வீரர், மடியில் உட்கார்ந்த பையனுக்காகத் தாத்தா கட்டிய கதையாக இருக்கலாம். வண்டிக்கார வேலை ஒரு குழந்தைக்குச் சொல்லும் அளவு பெரிதில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். தெரியாது. ஆனால் பெரியவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

மாலையில் வூப்பர் நதிக்கரைக்குப் போனோம். பால்க்ஹாவுஸர் கொட்டன் என்ற பழைய சாணைப் பட்டறை அங்கே இருக்கிறது. நதித் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் உள்ளே சாணைக்கல்லைச் சுற்றும். அந்தக் காலத்தில் நாள் முழுக்கக் கல்லோடு முகம் ஒட்டி உட்கார்ந்து தீட்டியவர்களுக்கு, மணல்கல் தூசி நுரையீரலில் படிந்து இளவயதிலேயே மூச்சு நின்றிருக்கிறது. வாளில் கம்பெனி முத்திரை உண்டு, அரசர் எழுத்து உண்டு, படை எண் உண்டு. தீட்டியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

பெரியவர் சக்கரத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

வியாபாரிக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. முதியோர் இல்லத்துக்குக் கிளம்பும் முன் வாளைத் தன் மகளிடம் கொடுத்தார். உறையில் ஒரு அட்டை கட்டியிருந்தது. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் தெளிவு. பேரன் எனக்குப் படித்துக் காட்டினான்.

'சோலிங்கனில் செய்தது, 1887. வண்டிப் படை வாள். வாட்டர்லூவுக்குப் போகவில்லை. என் தாத்தா குதிரை வண்டி ஓட்டினார். துடைக்க எண்ணெய் மட்டும்.'

அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. பேரன் அதைப் படிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

'புளி கூடாது.'